காத்திராத உணவு

சமையலறை பெண்களுக்கே உரிய இடம் என்று எண்ணிய வீட்டிலே வளர்ந்தவர்கள் நாம். கல்லூரியிலே ஒரு வகுப்பை நாற்பது நிமிடம் கட்டி வைத்திருக்கத் தெரிந்த எமக்கு, எமது சொந்தக் குசினியில் உப்புப் போத்தல் எந்தத் தட்டில் இருக்கின்றது என்பது நாற்பது வயது கடக்கும்வரை தெரியாதிருந்தது. இதனைப் பெருமையாகச் சொல்லவில்லை, வெட்கத்துடனேயே சொல்லுகின்றோம்.

சில மாதங்களுக்கு முன் எமது இல்லாள் காய்ச்சலாற் படுத்தாள். மூன்று நாள் கடைச் சோறு உண்டு சலித்தபின், உயர்தர வகுப்பிற் படிக்கும் எமது மகள் ஸ்பகெற்றிப் பொதியொன்றை எம் கையிலே தந்து, "அப்பா, இதுக்கு அரைக்கவும் வேண்டாம், துருவவும் வேண்டாம். தண்ணி கொதிக்க வைக்கத் தெரிஞ்சாற் போதும்" என்றாள். தண்ணீர் கொதித்தது உண்மையே. ஆனால் உள்ளியைக் கருக்கிவிட்டோம். அன்றைய கோப்பைகளிற் கசப்பே மிஞ்சியது. எமது சிறுவன் மட்டும், "பரவாயில்லை அப்பா" என்று சொல்லி, முகத்தைச் சுழித்தபடியே உண்டு முடித்தான். அந்தச் சொல்லுக்காகவே அடுத்த ஞாயிறும் அடுப்படிக்குச் சென்றோம். இன்று ஞாயிறு இரவுச் சமையல் எமது பொறுப்பாகிவிட்டது.

இவ்வுணவைச் சீனத்திலிருந்து மார்க்கோ போலோ கொண்டுவந்தார் என்பது பலர் நம்பும் கதை. அவர் வெனிசு நகருக்குத் திரும்பியது 1295 ஆம் ஆண்டில். ஆனால் 1279 ஆம் ஆண்டிலேயே ஜெனோவா நகரத்துப் பத்திரமொன்றில், ஒருவர் விட்டுச்சென்ற உடைமைகளின் பட்டியலிலே மக்கறோனியும் இடம்பெற்றிருக்கின்றது. அதற்கும் முன்னர், அரபுப் புவியியலறிஞர் அல்-இத்ரீசி, சிசிலி மன்னன் இரண்டாம் ரோஜருக்காக 1154 ஆம் ஆண்டில் முடித்த நூலிலே, பலேர்மோவுக்கு அண்மையிலுள்ள திராபியா என்னும் ஊரில் கோதுமை இழையுணவு பெருமளவிற் செய்யப்பட்டுக் கப்பலேறிப் பிற தேசங்களுக்குச் சென்றதைக் குறித்துள்ளார். மாணவர்கள் இதனை நினைவில் வைத்தல் நன்று. இனிய கதை வேறு, ஆண்டுக் கணக்கு வேறு.

பிற்காலத்தில் நேப்பிள்ஸ் நகரமும் அதனை அடுத்த கிராஞ்ஞானோ என்னும் ஊரும் இத்தொழிலாற் புகழ்பெற்றன. மலைக் காற்றும் கடற் காற்றும் சந்திக்கும் அவ்வூரின் தெருக்களிலே, கழிகளிற் தொங்கவிட்ட இழைகள் காய்ந்துகொண்டிருந்த காலம் ஒன்றிருந்தது. நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகள் தெருவோரத்தில் அதனை வாங்கிக் கையாலேயே உண்டனர். எனவே முள்ளுக்கரண்டி பிடிக்கத் தெரியாதென்று நாணுவோர் நாணவேண்டியதில்லை.

அந்த நேப்பிள்ஸ் நகரத்து எளியோரின் உணவே நாம் சமைப்பது. உள்ளியும் எண்ணெயும் என்பதே இத்தாலிய மொழியில் அதன் பெயர். ஐவர் உள்ள எமது வீட்டுக்கு 500 கிராம் ஸ்பகெற்றி எடுப்போம். நூறு கிராமுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், பத்துக் கிராம் உப்பு என்பது இத்தாலியர் வாய்ப்பாடு. ஆகவே ஐந்து லீற்றர் தண்ணீரும் ஐம்பது கிராம் உப்பும் வேண்டும். தண்ணீர் நன்கு கொதித்தபின் உப்பிட்டு, இழைகளை முறிக்காமல் இட்டு, ஒட்டாதபடி கிளறிவிட வேண்டும். கொதிநீரில் எண்ணெய் வார்த்தலும், வெந்தபின் குளிர்நீரிற் கழுவுதலும் ஆகா. இழையின்மேலுள்ள பசைத்தன்மையே எண்ணெயைப் பற்றிக்கொள்ள உதவுவது.

மற்றோர் அடுப்பில், தாச்சியிலே எட்டு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெயை மெல்லிய சூட்டில் வைத்து, ஆறு பல்லு உள்ளியைச் சீவி இடவேண்டும். இரண்டு மூன்று செத்தல் மிளகாயையும் உடைத்துப் போடலாம். உள்ளி பொன்னிறத்தைத் தொடும்போதே அடுப்பைத் தணித்துவிடுக. அதற்கப்பாற் சென்றால் என்ன நேரும் என்பதை முன்னரே சொன்னோம். பொதியிற் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பாக இழைகளை எடுத்துத் தாச்சியிலிட்டு, அவித்த தண்ணீரில் ஓர் அகப்பை வார்த்து, விரைந்து பிரட்ட வேண்டும். அத்தண்ணீரிலுள்ள மாப்பொருள் எண்ணெயையும் நீரையும் பிணைத்து, இழைதோறும் பளபளப்பான பூச்சாகப் படியச் செய்கின்றது. இழை குழைந்துவிடாது, பல்லுக்குச் சற்றே எதிர்நிற்க வேண்டும். 'அல் தெந்தே' என்று இத்தாலியர் சொல்வது இதனையே. ஒலிவ் எண்ணெய் விலை கூடியதென்று நல்லெண்ணெயில் செய்வோரும் உளர். அதுவும் சுவையானதே, எனினும் அது வேறொரு பண்டம்.

குசினி என்னும் எமது சொல் போர்த்துக்கேயர் தந்தது. இத்தாலியர் 'குச்சீனா' என்பர். இரண்டும் இலத்தீன் தாய் வயிற்றுப் பிள்ளைகள். மிளகாயோ அவர்களுக்கும் எமக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளி. ஆகவே இவ்வுணவு எமது அடுப்படியில் முற்றும் அந்நியமாய் நிற்கவில்லை.

இனி, நாம் சொல்ல வந்த விடயம் வேறு. இவ்வுணவு காத்திராது. தாச்சியை விட்டு இறங்கிய சில நிமிடங்களில் இழைகள் நீரை உறிஞ்சிப் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெய் பிரிந்துவிடும். உணவுக்காக மனிதரே காத்திருக்க வேண்டும். எமது வீட்டிலோ வழக்கம் மாறானது. மகள் ஆறு மணிக்கும், மகன் ஏழு மணிக்கும், நாம் விடைத்தாள் திருத்தி முடித்து எட்டு மணிக்கும் உண்போம். எல்லோருக்கும் பரிமாறியபின், சட்டியில் எஞ்சியதை இல்லாள் ஆறிப்போன நிலையில் உண்பாள். அதனை ஒரு குறையென்று நாம் எண்ணியதேயில்லை.

காய்ச்சல் மாறி எழுந்த பின் வந்த ஞாயிறன்று, அவள் வழமைபோல அகப்பையைக் கையில் எடுத்து, "நீங்கள் எல்லாரும் இருங்கோ, நான் பிறகு சாப்பிடுறன்" என்றாள். "இது பிறகு என்பதை அறியாத சாப்பாடு, நீரும் இரும்" என்று சொல்லி அகப்பையை வாங்கிக்கொண்டோம். எமது தாயாரையும் அழைத்து அமர்த்தினோம். ஐந்து கோப்பைகளிலும் ஒரே நேரத்தில் ஆவி பறந்தது.

தாயார் முதலிற் சற்று ஐயத்துடனேயே பார்த்தார். "இடியப்பம் மாதிரித்தான், சொதிதான் இல்லை" என்றார். பிள்ளைகள் சிரித்தனர். பாதிக் கோப்பை முடிந்தபின் தலை நிமிராமலே, "இந்த வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம், எல்லாரோடையும் இருந்து சூட்டோடை நான் சாப்பிட்டது இண்டைக்குத்தான், தம்பி" என்றார்.

எமக்கு மறுமொழி வரவில்லை. இல்லாள் எம்மை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கோப்பையைக் குனிந்து பார்த்தாள். எத்தனை ஆண்டு உணவு எமக்குச் சூடாக வந்தது என்பதை அன்றுதான் எண்ணிப் பார்த்தோம்.

வாசகர்கள் இத்தாலிய உணவைத்தான் சமைக்கவேண்டும் என்பது எமது கருத்தன்று. சோறும் கறியும் சூட்டோடு உண்ணத்தக்கனவே. வாரத்தில் ஒரு நாளாவது, சமைத்தவரும் உண்பவரும் ஒரே வேளையில் அமரட்டும். அகப்பையை யார் பிடிப்பது என்பதில் ஐயமிருந்தால், இதுவரை பிடிக்காதவர் பிடிக்கட்டும்.