மச்சான் எடுத்த வேலை

வட மாவட்டம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வேலை செய்த ஊராட்சி அது. ரிசர்வ் பஞ்சாயத்து. தலைவர் நம் சமூகத்துப் பெண். தேர்தலுக்கு முதல் மாதம் வரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். காலனிக்குக் குடிநீர்க் குழாய் நீட்டிக்கத் தீர்மானம் போட்டார். வேலையும் முடிந்தது. பில்லில் தலைவரின் கையெழுத்து இருந்தது, துணைத்தலைவரின் கையெழுத்து இல்லை. இன்று, நாளை என்று நான்கு மாதம் போயிற்று. குழாய் பதித்த கூலியாட்கள் தலைவரின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

அதே நான்கு மாதத்தில் ஊர்த்தெருவுக்குப் பேவர் பிளாக் போட்ட பில் வந்தது. அதற்கு அன்றைக்கே கையெழுத்து விழுந்தது. வேலையை எடுத்தவர் துணைத்தலைவரின் மச்சான். காகிதத்தில் வேறு ஒருவர் பெயர் இருந்தது. ஆனால் ஜல்லி இறக்கிய வண்டி யாருடையது என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒன்றிய அலுவலகத்தில் போய்க் கேட்டோம். "சட்டப்படி இதுல தப்பு ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் அங்கிருந்த அலுவலர். அவர் பொய் சொல்லவில்லை. நம்மை அதிகமாகத் தொந்தரவு செய்தது அதுதான்.

உள்ளாட்சியில் இருப்பவர்களுக்கான நெறிமுறை என்றால் நம் ஊரில் லஞ்சம் வாங்கக் கூடாது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய படி ஒன்று உண்டு. பொதுப்பணத்தைக் கொடுக்கிற இடத்தில் இருப்பவரும் அதைப் பெறுகிற இடத்தில் இருப்பவரும் ஒரே ஆளாகவோ ஒரே வீட்டாராகவோ இருப்பது. இதை நலமுரண் என்கிறோம். லஞ்சம் கேட்பதும் வாங்குவதும் குற்றம். நலமுரணைப் பணம் கைமாறும் முன்பே தடுக்க முடியும். அதனால்தான் அதற்குத் தனி விதி வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. ஊராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்திலோ ஊராட்சிக்காக நடக்கும் வேலையிலோ ஒருவருக்கு நலன் இருந்தால் அவர் தகுதியிழக்கிறார். ஊராட்சித் தலைவரும் உறுப்பினரும் 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்ட பொது ஊழியர்கள். டெண்டருக்கு 1998ஆம் ஆண்டின் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. பி.டி.ஓ., ஓவர்சியர் போன்ற அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன. பரிசு வாங்குவது, சொத்து சேர்ப்பது, தனியாக வியாபாரம் செய்வது எல்லாவற்றையும் அவை பேசுகின்றன.

ஆனால் இவை பெரும்பாலும் தேடுவது பணத்தை, அதுவும் குறிப்பிட்ட ஆளின் கைக்கு வந்த பணத்தை. ஒப்பந்தத்தில் இவருக்கு நலன் உண்டா என்று சட்டம் கேட்கிறது. மச்சானுக்கு உண்டா, சம்பந்திக்கு உண்டா என்று கேட்பதில்லை. வேட்புமனுவோடு சொத்தையும் கடனையும் குற்ற வழக்கையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கிறோம். இந்த ஒன்றியத்தில் சாலை வேலை எடுப்பவர் யாராவது உன் உறவா என்ற ஒரு வரி அதில் இல்லை.

இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் பதவிக்கு வந்த 28 நாளுக்குள் தன் பொருளாதார நலன்களையும் வாழ்க்கைத் துணையின் நலன்களையும் பதிவேட்டில் அறிவிக்க வேண்டும். அந்த நலன் தொடர்பான பொருள் கூட்டத்தில் வந்தால் விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளக் கூடாது. மீறுவது குற்றம். நல்ல விதிதான். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் போதாது. அங்கே குடும்பம் என்பது கணவன் மனைவியோடு நிற்கிறது. நம் கிராமத்தில் பணமும் அதிகாரமும் பங்காளி, மாமன் மச்சான் வழியாக ஓடுகின்றன. அந்த உறவு வட்டம் எங்கே முடிகிறது என்று பார்த்தால், சாதியின் எல்லையில் முடிகிறது. அகமணம் என்று சமூகவியல் வகுப்பில் நாம் படித்தது, ஊராட்சி மன்றத்தில் ஒப்பந்தப் பட்டியலாகக் கண்முன் நிற்கிறது.

ஆகவே நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கிராம நிர்வாகத்தில் சாதியும் ஒரு நலன். அதை நலமுரணாகக் கணக்கில் எடுக்காத எந்த நெறிமுறை விதியும் பாதி விதிதான்.

இது புதுச் செய்தி அல்ல. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவைத் தாக்கல் செய்து பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தைக் குடியரசின் அடித்தளமாகக் கொண்டாடியவர்களை மறுத்தார். குறுகிய மனப்பான்மையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமாகவே அதை அவர் பார்த்தார். பின்னர் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது, நமக்கு இடஒதுக்கீடு கிடைத்தது. அதற்குக் கிராமம் என்ன பதில் சொன்னது? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை முறையான தேர்தல் நடக்க முடியவில்லை. மேலவளவில் தலைவராக வென்ற முருகேசன் 1997 ஜூன் 30 அன்று ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் நாடெங்கும் போனது.

நாற்காலி கொடுக்காததைப் படம் எடுக்க முடிகிறது. கையெழுத்துப் போடாததைப் படம் எடுக்க முடியாது. இன்றைக்குத் தீண்டாமை ஊராட்சியில் அதிகமாக வேலை செய்வது இந்த இரண்டாவது இடத்தில்தான் என்பது எங்கள் கள அனுபவம்.

அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஊராட்சிச் சட்டத்தின் 188ஆம் பிரிவுப்படி ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு கிடையாது. ஆகவே ரிசர்வ் பஞ்சாயத்தில் பெரும்பாலும் தலைவர் சேரியிலிருந்தும் துணைத்தலைவர் ஊரிலிருந்தும் வருகிறார்கள். ஒருவர் தவறு செய்தால் இன்னொருவர் தடுக்கட்டும் என்று வைத்த பூட்டு இது. நடைமுறையில் இடஒதுக்கீட்டை ரத்துசெய்யும் அதிகாரமாக மாறிவிட்டது. துணைத்தலைவர் இல்லாத நேரத்தில் மன்றம் அதிகாரம் அளித்த வேறு உறுப்பினர் கையெழுத்திடலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இவர் ஊரில்தான் இருக்கிறார், அலுவலகத்துக்கும் வருகிறார், டீ குடிக்கிறார், கையெழுத்து மட்டும் போடுவதில்லை. இல்லாமல் இருப்பதற்கு வழி சொன்ன சட்டம், இருந்துகொண்டே மறுப்பவருக்கு வழி சொல்லவில்லை.

இருவருக்கும் ஒத்துவரவில்லை என்று புகார் போனால் மாவட்ட ஆட்சியர் 203ஆம் பிரிவைப் பயன்படுத்துகிறார். 'செக் பவர்' பி.டி.ஓ.விடம் போகிறது. கையெழுத்து மறுத்தவருக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை, அவர் விரும்பியதே நடந்திருக்கிறது. அடுத்தது 205ஆம் பிரிவு. தலைவரைப் பதவி நீக்க விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருகிறது. தாசில்தார் கூட்டம் கூட்டி வார்டு உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்கிறார். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பெரும்பான்மை யார் என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நலமுரண் உள்ளவர்களிடமே நீதி பற்றிக் கருத்துக் கேட்கப்படுகிறது.

நாங்கள் சொன்ன அந்தப் பெண் தலைவருக்கும் நோட்டீஸ் வந்தது. காலனிக் குழாய் வேலையில் அளவுப் புத்தகத்துக்கும் பில்லுக்கும் பொருத்தம் இல்லையாம். அளவுப் புத்தகம் எழுதியது ஓவர்சியர். பில் தயாரித்தது ஊராட்சி செயலர். இருவருக்கும் நோட்டீஸ் இல்லை. "எழுதினவங்க பெஞ்சுல உக்காந்திருக்காங்க, கையெழுத்துப் போட்ட நான் நிக்கிறேன்" என்றார் அவர்.

ஊழியர்கள் பக்கமும் பேச வேண்டும். தலைவர் ஐந்து ஆண்டில் மாறுவார், செயலர் இருப்பார். அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர் அல்லது பக்கத்து ஊர்க்காரர். கணக்கு, தீர்மானப் புத்தகம், டிஜிட்டல் கையெழுத்து டோங்கிள் எல்லாம் அவர் பையில். எந்தத் தெருவின் மனு முதலில் பதிவாகும், எது மேசை இழுப்பறையில் கிடக்கும் என்பது அவர் கையில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அந்தச் சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே தவறவிடும் பட்டியலினத்தவர் அல்லாத பொது ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தலித் ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ பணி செய்யவிடாமல் மிரட்டித் தடுப்பதைத் தனிக் குற்றமாக்கியது. இவை நமக்குக் கிடைத்த ஆயுதங்கள்தான். ஆனாலும் அவை நடந்து முடிந்த வன்கொடுமைக்கான தண்டனைகள். மிரட்டாமல், திட்டாமல், சிரித்த முகத்தோடு கோப்பை வைத்திருப்பதை அவற்றால் எட்டிப் பிடிக்க முடிவதில்லை.

நம் பக்கமும் பேசாமல் இருக்க முடியாது. நம் தலைவர்களில் எல்லாரும் உத்தமர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வெற்று பில்லில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் உண்டு. மனைவி தலைவராக இருக்கக் கணவர் நாற்காலியில் உட்கார்ந்த வீடுகள் சேரியிலும் உண்டு. பசுமை வீட்டுக்கும் தொகுப்பு வீட்டுக்கும் சொந்தத் தெருவிலேயே கமிஷன் வாங்கியவர்களை நமக்குத் தெரியும். ஏமாற்றப்பட்டதும் சேரிக்காரர்கள்தான். ஆகவே விதி நமக்குத் தளர வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறோம். பதினைந்தாயிரம் ரூபாய்க்குப் பதில் சொல்லும் தலித் தலைவரும், பதினைந்து லட்சம் ரூபாய் வேலையை மச்சானுக்குக் கொடுத்தவரும் ஒரே மேசை முன்னால் நிற்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, தலைவர், துணைத்தலைவர், வார்டு உறுப்பினர்கள், செயலர், ஓவர்சியர் எல்லாரும் பொறுப்பேற்ற ஒரு மாதத்துக்குள் நலன் பதிவேட்டில் எழுதித் தர வேண்டும். அந்த ஒன்றியத்தில் ஒப்பந்த வேலை, மணல், ஜல்லி, சிமென்ட், குழாய் வியாபாரம் செய்யும் உறவினர்கள் யார் யார்? உடன்பிறந்தவர், மாமனார், மச்சான், மருமகன், சம்பந்தி வரை வர வேண்டும். பதிவேட்டின் நகல் ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும், கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, அந்த உறவினருக்கான வேலையோ பில்லோ கூட்டத்துக்கு வந்தால் சம்பந்தப்பட்டவர் எழுந்து வெளியே போக வேண்டும். போனார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். அந்தப் பில்லில் கையெழுத்திடும் அதிகாரம் வேறு உறுப்பினருக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, இணைக் கையெழுத்துக்குக் காலக்கெடு. ஏழு நாளுக்குள் போட வேண்டும் அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 'இல்லாதவர்' என்றே கருதி அடுத்த உறுப்பினர் கையெழுத்திடலாம் என்று 188ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். இந்த ஒரு திருத்தம் பல ரிசர்வ் பஞ்சாயத்துகளை மூச்சுவிட வைக்கும்.

நான்காவது, செலவைத் தெருவாரியாகக் காட்ட வேண்டும். எந்தத் தெருவுக்கு எவ்வளவு, எப்போது தீர்மானம், எப்போது பணம் என்ற ஒரு தாள் போதும். ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூட வேண்டும் என்று 2022இல் அரசு அறிவித்தது. அந்த ஆறு நாளிலும் இந்தத் தாளை வாசித்தால் சாதி எந்தத் தெருவோடு நிற்கிறது என்று தனியாக ஆய்வு செய்ய வேண்டியதில்லை.

ஐந்தாவது, தலைவருக்கு நோட்டீஸ் போகும்போது அதே கோப்பில் கை வைத்த ஊழியர் அனைவருக்கும் போக வேண்டும். விசாரிப்பவர் வேறு மாவட்டத்து அதிகாரியாக இருக்க வேண்டும். செயலரைச் சொந்த ஊராட்சியில் பணியமர்த்தக் கூடாது.

சாதியை விதிக்குள் கொண்டுவந்தால் அலுவலகத்தில் சாதி வளரும் என்று சிலர் சொல்வார்கள். நாம் யாருடைய சாதியையும் பதிவேட்டில் எழுதச் சொல்லவில்லை. உறவையும் தெருவையும் எழுதச் சொல்கிறோம். அதை எழுதினாலே சாதி தெரிந்துவிடும் என்று அவர்கள் பயந்தால், அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5உடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அடுத்து வரும் தலைவர்களில் நம் பெண்கள் பலர் இருப்பார்கள். அவர்களைப் பாராட்டி மாலை போட நாம் எல்லாரும் போவோம். போகும்போது இந்த ஐந்து கோரிக்கைகளையும் மனுவாக எழுதிக்கொண்டு போவோம். முதல் கிராமசபையிலேயே தீர்மானமாக்குவோம். சட்டம் திருத்தப்படும் வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் இதில் உண்டு. தெருவாரிக் கணக்கை வாசிக்க எந்த அரசாணையும் வேண்டாம்.

அந்தக் காலனிக்குக் கடைசியில் தண்ணீர் வந்தது. கூலியாட்களுக்குத் தலைவர் தன் தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கொடுத்தார். பில் பணம் அவர் பதவியில் இருந்த வரை வரவில்லை. ஊராட்சிக் கணக்கில் அந்த அடகுச் சீட்டுக்குத் தலைப்பு எதுவும் இல்லை.