விரல் எட்டுகிறதா?

“குழந்தைக்கு கிளாரினெட் வாங்கணும், எந்தக் கம்பெனி நல்லது?” என்று யாராவது கேட்டால், கம்பெனி இருக்கட்டும், பிள்ளைக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் விழுந்து முளைத்தாயிற்றா என்றுதான் நான் முதலில் கேட்பேன். மவுத்பீஸ் அந்தப் பற்களின் அடியில்தான் ஊன்றி நிற்கிறது. பல் ஆடிக்கொண்டிருக்கும் வயதில் ஊதவைத்தால் பிள்ளைக்கும் வேதனை, கேட்பவருக்கும் வேதனை.

அடுத்தது விரல். கிளாரினெட்டில் பல துளைகளை விரல்நுனியின் சதையே மூட வேண்டும். வலது மோதிர விரல் மயிரிழை விலகி நின்றாலும் சத்தம் கீச்சிடும், அல்லது வரவே வராது. ஒன்பது, பத்து வயதில் பல பிள்ளைகளுக்கு எட்டிவிடும். ஆனாலும் வயதைக் கேட்பதைவிடக் கையை வைத்துப் பார்ப்பதே சரி. எடை வேறு இருக்கிறது. வழக்கமான பி-ஃபிளாட் கிளாரினெட் முக்கால் கிலோவையொட்டி வரும். அதில் பெரும்பங்கை வலது கட்டைவிரல் ஒன்றே சுமக்கிறது. கழுத்துப்பட்டை மாட்டுவதற்கு வளையம் வைத்த வாத்தியமாகப் பார்த்து எடுத்தால் பாதிச் சண்டை குறையும்.

ஏழு வயதுக்காரி பிடிவாதம் பிடித்தால்? நுவோ கம்பெனியின் ‘கிளாரினியோ’ என்ற பிளாஸ்டிக் சி-கிளாரினெட் அவளுக்கானது. எடை மிகக் குறைவு, துளைகள் நெருக்கம், தண்ணீரில் கழுவலாம். சின்னதாக இருக்கிறதே என்று இ-ஃபிளாட் கிளாரினெட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது தேர்ந்த கைகளுக்கே சுருதியில் நிற்க அடம்பிடிக்கும்.

தங்கை மகளுக்கு வாங்கப் போனபோது கடைக்காரர் கறுத்துப் பளபளத்த ஒன்றை எடுத்து வைத்தார். “மரம் சார். வாங்கிட்டா ஆயுசுக்கும் வரும்.” தங்கை என்னைப் பார்த்தாள். “எத்தனை தடவை வாங்குறதுண்ணா, ஒரேயடியா நல்லதா வாங்கிடலாமே” என்றாள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. அந்த மரத்தின் பெருமையும் குறைந்ததல்ல; தான்சானியா, மொசாம்பிக் பக்கம் வளரும் கிரெனடில்லா அது, இரும்பு மாதிரி அடர்த்தி. ஆனால் புது மரத்தைத் தினமும் கொஞ்ச நேரம் மட்டும் ஊதிப் பழக்க வேண்டும், ஊதி முடித்ததும் உள்ளே ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஏ.சி. அறைக்கும் வெயிலுக்கும் மாறி மாறிப் போனால் விரிசல் விடும். இதையெல்லாம் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது அநியாயம். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கே போதும். யமஹா ஒய்.சி.எல்.-255, புஃபேயின் புரொடீஜ் இரண்டும் அந்த வகைதான். நம் வெயிலுக்கு அதுவே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

மிச்சமாகும் பணத்தை மவுத்பீஸில் போடுங்கள். சத்தம் பிறக்கும் இடமே அதுதான். யமஹாவோடு வரும் 4சி தொடக்கத்துக்குப் பழுதில்லை. பெயர் தெரியாத மலிவு வாத்தியத்தோடு வருகிற மவுத்பீஸைத் தயங்காமல் மாற்றலாம். அதில் கட்டுகிற நாணல் தகடான ரீடு, ஒன்றரையிலிருந்து இரண்டு எண்ணுக்குள் இருக்கட்டும். எண் கூடினால் மூச்சும் கூடுதலாக வேண்டும். கன்னம் வலித்துப் பிள்ளை வைத்துவிட்டுப் போய்விடும். ஒன்றிரண்டு ரீடு வாங்கி ஓட்டப் பார்க்காமல் பெட்டியாக வாங்குங்கள். ஓரம் உடைந்த ரீடில் ஊதிவிட்டுத் தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் அதிகம்.

கிளாரினெட்டுக்கே உரிய சங்கடம் ஒன்று சில மாதம் கழித்து வரும். நாகஸ்வரத்தில் காற்றை அழுத்தினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் பேசும். கிளாரினெட்டில் இடது கட்டைவிரல் கீயைத் தொட்டால் கீழ் ஷட்ஜம் இருந்த இடத்தில் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் நிற்கும். கீழே பழகிய விரலடைவு மேலே செல்லாது. அந்தத் தாவலில் அநேகமாக எல்லாத் துளைகளும் ஒரே நேரத்தில் மூடியிருக்க வேண்டும். வாத்தியத்தில் எங்காவது காற்று கசிந்தால் அங்கேதான் தெரியும். பல பிள்ளைகள் கைவிடுவதும் அங்கேதான்.

கர்நாடக இசைக்கு என்றால் இன்னொரு கவனம் வேண்டும். சதிர் நாட்டியக் கச்சேரியில் முகவீணை இருந்த இடத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்ட வாத்தியம் இது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி மேடையில் உட்காரவைத்து 2008-ல் சங்கீத கலாநிதியும் ஆனார். நாகஸ்வரம் பயின்ற கை அவருடையது. அதுபோல விரலைப் பாதி விலக்கி ஸ்வரத்தை வழுக்கவிடுவதற்குத் துளை திறந்திருக்க வேண்டும். சின்ன விரலுக்கு வசதி என்று எல்லாத் துளைக்கும் மூடி போட்ட வாத்தியத்தை வாங்கினால் கமகத்துக்கு வழியில்லை. கீ அமைப்பும் ஒன்றல்ல, பல. பேண்டுக் குழுக்களிடமிருந்து கைமாறி வரும் பழைய வாத்தியங்களில் விரலடைவு வேறாக இருக்கலாம். சொல்லிக்கொடுப்பவர் எந்த அமைப்பில் ஊதுகிறாரோ அதையே வாங்க வேண்டும்.

பழையது வாங்குவதில் தப்பில்லை. மேல்துண்டைத் தனியாகக் கழற்றி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்து, துளைகளை விரலால் மூடிக்கொண்டு மேலேயிருந்து காற்றை உறிஞ்சிப் பாருங்கள். உதட்டோடு இழுத்துப் பிடித்தபடி சில விநாடி நின்றால், கீகளின் அடியில் துளையை அடைக்கும் மெத்தைகளான பேடுகள் சரி. உடனே விட்டுவிட்டால் பேடு மாற்றும் கூலியையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கீயை லேசாக அழுத்தும்போதே வளைகிற புது மலிவுச் சரக்கைவிட, பேடு மாற்றிய பழைய நல்ல வாத்தியம் எவ்வளவோ மேல். மலிவுச் சரக்கைப் பழுது பார்க்கக் கொண்டுபோனால் பலர் கையால் தொடமாட்டார்கள்.

கடைக்குப் போகும்போது முடிந்தால் வாத்தியாரையும் அழைத்துப் போங்கள். பிள்ளை ஊதுவதற்கு முன் அவர் ஒருமுறை ஊதட்டும். அவர் வாயிலும் அது கீச்சிட்டால் பெட்டியை மூடச் சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லலாம்.