போர்டு வாங்கலாமா?



மாட்டுங்காவில் படித்துவிட்டு இப்போது டோம்பிவிலி, ஐரோலி, துபாய் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர் நம்மிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். தாராவியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய ஆசை. ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. ஒரு பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். செம்பூரிலும் சயானிலும் இதே எண்ணத்தோடு இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்பதால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பணத்தைக் கொடுங்கள். ஆனால் போர்டுக்கு இப்போது வேண்டாம்.

இதற்கு வெளிநாட்டு ஆதாரம் எல்லாம் இருக்கிறது. அதை விட நெருக்கமானது நம் ஊரிலேயே இருக்கிறது. 1995-ல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய ‘பிரதம்’ அமைப்பு, முனிசிபாலிட்டி பள்ளிகளுக்குள் ‘பால்சகி’ என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மூன்றாவது, நாலாவது ஸ்டாண்டர்டுக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாமல், இரண்டு இலக்கக் கழித்தல் வராமல் தவிக்கும் பிள்ளைகளில் பதினைந்து இருபது பேரைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக அழைத்து உட்கார வைப்பார்கள். சொல்லிக் கொடுப்பவர் அதே பகுதியில் பள்ளிப் படிப்பை முடித்த ஓர் இளம் பெண். இரண்டு வாரப் பயிற்சி. மாதம் 500 முதல் 750 ரூபாய் சம்பளம். அறை இல்லாவிட்டால் வராந்தாவில்கூட வகுப்பு நடக்கும்.

2001 முதல் இரண்டு கல்வியாண்டுகள் மும்பையிலும் வதோதராவிலும் இதை அளந்து பார்த்தவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் உண்டு. 2019-ல் பொருளாதார நோபல் வாங்கிய அதே இருவர்தான். பால்சகியிடம் போன பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாகவே ஏறியது. அதிலும் அடிமட்டத்தில் இருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். வதோதராவில் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். கம்ப்யூட்டருக்கு இரண்டு பிள்ளைகள், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டு. கணக்கில் மட்டும் பார்த்தால் கம்ப்யூட்டர் பால்சகியையும் மிஞ்சியது. ஆனால் செலவையும் சேர்த்துப் பார்த்தபோது பால்சகி பல மடங்கு மேல். திட்டம் நின்று ஓராண்டு போனதும் இரண்டின் பலனும் கணிசமாகக் கரைந்தது என்பதையும் அந்த ஆய்வே சொல்கிறது. ஆகையால் இதுவும் ஒரு வருஷம் செய்துவிட்டு விடுகிற காரியம் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் ஏன் வேலை செய்தது? பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறதோ அந்த இடத்துக்கே கணக்கு இறங்கி வந்தது. சுவரில் மாட்டும் போர்டு அப்படி இறங்காது. நாற்பது பேருக்கும் ஒரே திரை, ஒரே வேகம்.

லண்டனில் இதைத்தான் கண்டார்கள். உயர்நிலைப் பள்ளிகளுக்கு அரசு பெரும் பணம் போட்டு இந்த போர்டுகளை மாட்டியபின், லண்டன் கல்வியியல் நிறுவனம் 2007-ல் அறிக்கை கொடுத்தது. முதல் ஆண்டில் மாணவர்களின் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மெதுவாகப் படிக்கும் வகுப்புகளில் ஒவ்வொருவராக எழுந்துவந்து போர்டைத் தொட்டதில் பாடம் இன்னும் மெதுவானதும் உண்டு. மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

நம் அரசும் சளைத்ததல்ல. 1987-ல் கரும்பலகைத் திட்டம், 2019-ல் டிஜிட்டல் போர்டு திட்டம். பழைய திட்டம் பலகையோடு நிற்கவில்லை. பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் வேண்டும் என்றும் சொன்னது. எனக்கென்னவோ பழையதுதான் விவரமானதாகப் படுகிறது. மும்பை மாநகராட்சியும் 2015-ல் எட்டாம் வகுப்புக்கு டேப்லெட் கொடுத்தது. தனியார் பள்ளிகளுக்கு ‘ஸ்மார்ட் கிளாஸ்’ விற்றுப் பேர் வாங்கிய எஜுகாம்ப் நிறுவனம் 2017-ல் திவால் நடவடிக்கைக்குப் போனது. விற்றவர் போனபின் ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடுவது? ஜூன் மழையில் சுவர் ஊறும் கட்டடத்தில் இந்தக் கேள்வி சீக்கிரமே வரும்.

தமிழ்வழிப் பள்ளிக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. போர்டில் எதைக் காட்டுவது? எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி இது. மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும் பாடப் படங்கள் தமிழில் அந்த அளவுக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2023-ல் வந்த ‘மணற்கேணி’ செயலி இருக்கிறதே என்பீர்கள். அறிவியலுக்கும் கணக்குக்கும் அதிலிருந்து தாராளமாக எடுக்கலாம். ஆனால் அது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். இங்கே நாலாவது படிக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளைக்கு வரலாறு என்றால் சிவாஜி மகாராஜ். ராய்கட், தோரணா கோட்டைகளைத் தமிழில் விளக்கும் பத்து நிமிடப் படத்தை நாம்தான் எடுக்க வேண்டும். அப்படி ஒரு படம் இருந்தால் போர்டுக்கு நானே வக்காலத்து வாங்குவேன். மலையையும் எரிமலையையும் சாக்பீஸால் எவ்வளவுதான் வரைவது? மராத்தி உச்சரிப்பைக் காதால் கேட்டுப் பழகவும் போர்டு உதவும்.

மாட்டுங்கா நண்பர்களுக்கு என் கணக்கு இது. தாராவியிலேயே பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண்ணுக்கு மாதம் 8,000 ரூபாய் கொடுத்தால், உங்கள் பணம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் வரும். தினம் இரண்டு மணி நேரம், இருபது பிள்ளைகள். தலைமையாசிரியரிடம் முதலில் பேசுங்கள். எந்தப் பிள்ளைகள் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த பணம் சேரும்போது போர்டைப் பற்றிப் பேசலாம். அப்போதும் விலைப்பட்டியலில் ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தமிழ்வழி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் ஏற்கெனவே போர்டு இருந்தால், எந்தப் பாடத்துக்கு அது உண்மையிலேயே கை கொடுத்தது, எந்தப் பாடத்துக்குத் தமிழில் படம் கிடைக்காமல் திண்டாடினீர்கள் என்று எழுதுங்கள். தீபாவளி இதழில் நான்கு பக்கம் இதற்காக ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்