நாலு கால் ஜாகுவார்

ஜாகுவார் என்றதும் பளபள காரும், ஜென்மத்துக்கும் கட்டி முடியாத தவணையும் ஞாபகம் வந்தால் இந்த வாரம் உங்களுக்கு ஏமாற்றம். நான் சொல்ல வந்தது நாலு டயர் அல்ல, நாலு கால் சமாசாரம்.

படத்தைக் காட்டினால், 'நம்ம சிறுத்தைதானே ஸார்?' என்பார்கள். இல்லை. உடம்பில் இருக்கும் கறுப்பு வளையங்களை உற்றுப் பாருங்கள். வளையத்துக்குள்ளும் புள்ளி இருந்தால் ஜாகுவார். புலி, சிங்கத்துக்கு அடுத்தபடி பூனைக் குடும்பத்தில் பெரியவர். மற்றவர்கள் கழுத்தைக் கவ்வுவார்கள். இவர் மண்டையோட்டையே கடித்துத் துளைப்பார். நீச்சலில் சூரர். முதலை ஜாதியான கெய்மனை ஆற்றிலேயே போய் அமுக்கிக் கரைக்கு இழுத்து வருவார்.

எங்கே பார்க்கலாம்? 'அமேசான்' என்றால் பாதி மார்க்தான். அந்த அடர்காட்டில் அவர் உங்களைப் பார்ப்பார். நீங்கள் அவரைப் பார்க்கமாட்டீர்கள். பெலீஸ் நாட்டில் காக்ஸ்கோம்ப் என்று இவருக்காகவே ஒரு சரணாலயம் உண்டு. அங்கேயும் பெரும்பாலும் காலடித் தடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். நேரில் தரிசனம் வேண்டுமா, பிரேசிலின் பாண்டனல் சதுப்பு நிலத்துக்குப் போங்கள். போக்கோனே என்ற ஊரிலிருந்து சுமார் 145 கி.மீ. மண் ரோடு, நூற்றுக்கு மேல் பாலங்கள், முடிவில் போர்த்தோ ஜோஃப்ரே. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை தண்ணீர் வற்றியிருக்கும்போது படகில் போனால், ஆற்றங்கரையில் ஹாயாகப் படுத்திருப்பார்.

அந்தப் பக்கம் பூராவும் மாட்டுப் பண்ணைகள். மாட்டைத் தின்ற ஜாகுவாரைச் சுடுவது பண்ணைக்காரர்களின் பழைய வழக்கம். 2017-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. ஜாகுவார் பார்க்க வருகிறவர்களால் அந்த வட்டாரத்துக்கு வருஷம் சுமார் 68 லட்சம் டாலர் வருமானம். அதே ஜாகுவார்கள் தின்னக்கூடிய மாடுகளின் மதிப்பு சுமார் 1.2 லட்சம் டாலர். ஐம்பது மடங்குக்கு மேல் லாபம்!

கணக்கு சரி, பட்டுவாடாதான் தகராறு. டாலர் லாட்ஜ்காரருக்கு, செத்த மாடு பண்ணைக்காரருக்கு. லாபம் முதலாளிக்கு, ஓவர்டைம் நமக்கு என்கிற நம் ஆபீஸ் கதைதான். டூரிஸ்ட்டுகளிடம் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி நஷ்டஈடு தரலாம் என்பது ஆய்வாளர்கள் யோசனை. எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

துப்பாக்கி போதாதென்று நெருப்பு வேறு. 2020-ல் பாண்டனலில் கால்வாசிக்கு மேல் எரிந்தது. பாதம் வெந்துபோன ஓர் ஆண் ஜாகுவாருக்குக் கட்டுப் போட்டு, குணமானதும் அதே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியவரைப் பார்க்க என்றைக்காவது போனீர்களானால், டிப்ஸ் கொடுக்கும்போது மாட்டுக்காரரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.