மலிவான பட்டமும் பயனுள்ள பட்டமும்

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியலும் மூலக்கூற்று உயிரியலும், பேராதனையில் மூலக்கூற்று உயிரியலும் உயிர்த்தொழில்நுட்பமும் கட்டணமின்றிக் கற்பிக்கப்படுகின்றன. எனினும், இசட் புள்ளி அடிப்படையில் அவ்வாய்ப்பைப் பெறுவோர் சிலரே. ஏனையோரில் சிலர் காணியை ஈடுவைத்தேனும் வெளிநாடு செல்ல முற்படுகின்றனர்.

ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் 2014 முதல் பொதுவாகக் கற்பித்தற் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ அறவிடுகின்றது. இளமாணிக் கற்கைகள் பெரும்பாலும் ஜேர்மன் மொழியிலேயே நடைபெறுகின்றன. வாழ்க்கைச் செலவுக்கான பணத்தையும் முன்கூட்டியே காட்டவேண்டும்.

ஆகவே, கட்டணத்தை மாத்திரம் ஒப்பிடுவது போதாது. போதிய ஆய்வுகூடப் பயிற்சியற்ற பட்டம் இத்துறையில் பயன்தராது. அப்பயிற்சியையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்தையும் விசாரித்தறிந்த பின்னரே பெற்றோர் பணம் செலுத்தவேண்டும். அரச விஞ்ஞான பீடங்களில் அனுமதியை அதிகரிப்பதே அரசின் கடமையாகும்.