மூன்று பானைப் பொங்கல்

மாவிலைத் தோரணம் ஆடிற்று, மாக்கோலம் மின்னிற்று, மண்பானையில் புத்தரிசி பொங்கிற்று. மூத்தோர் எவரும் ஏவாமல், மாணவரே கூடி, மாணவரே திட்டமிட்டு, மாணவரே நடத்திய விழா! தென் மாவட்டத்துப் பள்ளியொன்றில், பொங்கல் விடுமுறைக்கு முந்திய நாள், 'தமிழர் மரபுத் திருநாள்' என்று பெயரிட்டு நடத்தினர். நம்மையும் பேச அழைத்திருந்தனர், சென்றோம். மகிழ்ந்த நெஞ்சோடு திரும்பியிருக்க வேண்டும். கனத்த நெஞ்சோடு திரும்பினோம்.

நிறையை முதலில் சொல்லிவிடுவோம். அழைப்பிதழில் நல்ல தமிழ் இருந்தது. ஒலிபெருக்கி திரைப்பாட்டை அலறவில்லை. வரவேற்புரை மூன்று நிமிடத்தில் முடிந்தது. நம் இயக்கக் கூட்டங்களே கற்றுக்கொள்ள வேண்டிய கலை அது! பெண் பிள்ளைகள் கும்மியோடு நின்றுவிடவில்லை, சிலம்பமும் சுழற்றினர். ஒரு மூலையில் செம்மண் கொட்டி, அட்டையை வெட்டி, கீழடி அகழாய்வுக் குழியை அப்படியே அமைத்திருந்தனர். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பானை ஓடு போலச் செய்த ஒன்றைக் கையில் ஏந்தி, "இதில் ஆதன் என்று எழுதியிருக்கிறது" என்று விளக்கினாள்.

"ஆதன் யார், அம்மா?" என்று கேட்டோம்.

"தெரியாது ஐயா. பானைக்குச் சொந்தக்காரர்" என்றாள்.

அந்த விடையை நெஞ்சில் முடிந்துகொண்டோம். கீழடியில் 2014ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் கிடைத்த ஓடுகளிலே ஆதன், குவிரன் என்ற பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. 2023 மார்ச்சில் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், நாடெங்கும் இருந்து மாணவர் சென்று அகழ்ந்தெடுத்த பொருள்களைக் காண்கின்றனர். ஆதன் எனும் அப் பெயருக்குப் பின்னே ஒரு வால் இல்லை. இன்ன குலத்து ஆதன், இன்ன தெருவு ஆதன் என்று எழுதிவைக்க வேண்டுமென்று அவனுக்குத் தோன்றவில்லை. இதைக் கொண்டு, அந்நாளில் ஏற்றத்தாழ்வே இருந்ததில்லை என்று சாதிக்க நாம் வரவில்லை. ஓடு சொல்லாததை ஓட்டின் வாயில் திணிப்பது புராணிகர் தொழில், நம் தொழிலன்று. ஆனால் அச் சிறுமிக்கு ஆதனைப் பற்றித் தெரிந்தது போதும் என்றே பட்டது. பானைக்குச் சொந்தக்காரர்! அதற்குமேல் என்ன வேண்டும்?

வேண்டுமாம்! நண்பகல் மணி அடித்ததும் கண்டுகொண்டோம்.

முற்றத்தில் மூன்று பானைகளில் பொங்கியிருந்தனர். ஏன் மூன்று என்று கேட்டதற்குக் கூட்டம் மிகுதி, ஒன்று போதாது என்றார் ஆசிரியர் ஒருவர். நியாயந்தான் என்று எண்ணினோம். மணி அடித்தது, பிள்ளைகள் மூன்று வரிசையாக நின்றனர். வகுப்பு வாரியாகவா? இல்லை, ஒன்பதாம் வகுப்பும் பதினோராம் வகுப்பும் ஒரே வரிசையில் கலந்து நின்றன. உயரத்தின்படியா? அதுவும் இல்லை. தோழனைத் தேடித் தோழன் நின்றானா? சற்று முன்பு மேடையில் தோளோடு தோள் சேர்ந்து கும்மாளமிட்ட இருவர், வெவ்வேறு பானையை நோக்கி நடந்தனர். புரியாமல் விழித்தோம். பிறகு மணிக்கட்டுகளைப் பார்த்தோம். விடை அங்கே கட்டப்பட்டிருந்தது.

கயிறு! வண்ணக் கயிறு! ஒரு வண்ணத்துக்கு ஒரு பானை. வேம்பின் நிழல் ஒரு வண்ணத்துக்கு. மேடையின் படிக்கட்டு இன்னொன்றுக்கு. சுற்றுச்சுவர் ஓரம், வெயிலில், மற்றொன்றுக்கு. எவரும் கட்டளையிடவில்லை. எவரும் தடுக்கவுமில்லை. நீர் பள்ளம் நோக்கி ஓடுவதுபோல் பிள்ளைகள் பிரிந்து ஓடினர். கட்டளையிட்டுப் பிரித்திருந்தால், கட்டளையிட்டவனைக் கண்டித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியிருப்போம். கட்டளையே தேவைப்படாத நிலை வந்துவிட்டதே, அதுவன்றோ நெஞ்சைச் சுட்டது!

பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழாவின் உச்சம் அதுதான். பன்னிரண்டு மாணவர் பறை முழக்கினர், பந்தல் அதிர்ந்தது, தலைமையாசிரியரே தாளம் போட்டார். "திணைக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணியது தொல்காப்பியம்" என்று மேடையில் முழங்கினான் ஒருவன். உண்மை, கைதட்டினோம். பந்தலின் கடைசியில் ஒரு பையன் மட்டும் தூணைப் பற்றி நின்றிருந்தான். அவன் விரல் மட்டும் தூணில் அடவு தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தது. மேடையில் இருந்த பன்னிருவரையும்விடக் கைத்திறன் உள்ளவன் என்பதை அந்த விரலே காட்டிற்று. நீ ஏன் மேடை ஏறவில்லை என்று கேட்டோம். முதலில் பேசவில்லை. பிறகு சொன்னான்: "எங்கள் அப்பா ஊரில் சாவுக்கு அடிக்கிறார், ஐயா. அவர்கள் அடித்தால் கலை என்பார்கள். நான் அடித்தால் அதையே எனக்குப் பேராக வைத்துவிடுவார்கள்."

தோழர்களே! இதற்கு மறுமொழி உண்டா? இரண்டாயிரம் ஆண்டுப் பழமை பேசும் எவரிடமாவது உண்டா? அதே தோல், அதே கோல், அதே ஒலி. மேடையில் ஏறினால் மரபு. தெருவில் இறங்கினால் இழிவு! கருவிக்கு மாலை சூட்டுவர். கருவியைக் காத்தவன் மகனைக் கடைசித் தூணில் நிறுத்துவர். விற்பனைக்கு வந்த பறையை விலை கொடுத்து வாங்கிய வீட்டுப் பிள்ளை கலைஞன். பரம்பரையாய் அதைத் தோளில் சுமந்த வீட்டுப் பிள்ளை, வாய்பொத்திப் பார்வையாளன்!

இன்னொரு அரங்கமும் இருந்தது. 'நம் முன்னோர் தொழில்கள்' என்று பலகை தொங்கிற்று. சக்கரம் சுற்றும் வேடத்தில் ஒருவன், உலைக்களத்தில் ஒருவன், வெளுக்கும் கல்லருகே ஒருவன், ஏட்டுச் சுவடியோடு ஒருவன். வேடங்களை யார் பகிர்ந்து கொடுத்தார் என்றோம். அவரவர் வீட்டில் பொருள் இருந்ததால் அவரவரே எடுத்துக்கொண்டனர் என்றனர். எவ்வளவு எளிய விடை! இதே எளிய விடையைத்தான் 1953இல் இராசகோபாலாச்சாரியார் சொன்னார். அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுத்தார். குலக்கல்வி என்று பெயரிட்டு நாடே கொதித்தது. 1954இல் அவர் பதவி விலகினார். பின்வந்த காமராசர் ஆட்சி அத் திட்டத்தைக் குழியிலிட்டு மூடியது. சட்டத்தின் பெயரால் வந்தபோது விரட்டியடித்தோம். வேடத்தின் பெயரால் வந்தால், புகைப்படம் எடுத்துக் கைதட்டுகிறோம்! வெளுப்பவர் பேரன் சுவடி ஏந்தட்டும், சுவடி வீட்டுப் பிள்ளை வெளுக்கும் கல்லருகே நிற்கட்டும் என்று ஒரே ஒரு ஆசிரியருக்குத் தோன்றியிருந்தால், அந்த அரங்கம் நாடகம் ஆகியிருக்கும். தோன்றாததால் அது கணக்கெடுப்பு ஆயிற்று.

"விழா நாளில் இதையெல்லாம் பேசலாமா? பிள்ளைகள் மகிழ்ந்திருக்கட்டுமே!" என்பர். மரபு என்ற சொல்லை உச்சரித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது பழைய தந்திரம். மரபு வளர்க்கவென்றே எழுந்த ஒரு பள்ளி, பந்தியில் உடைந்த கதையை நாடு மறந்துவிட்டதா?

1922இல் சேரன்மாதேவியில் குருகுலம் கண்டார் வ.வே.சு. ஐயர். அவர் சிறியவர் அல்லர், குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், கம்பனில் தோய்ந்தவர், வெள்ளையனை எதிர்த்து நாடு கடந்து திரிந்தவர். தமிழ் வழியே நாட்டுக்கல்வி, மறந்த பண்பாட்டுக்கு மறுவாழ்வு என்றெல்லாம் அக் குருகுலத்துக்கு உயர்ந்த நோக்கம் சொல்லப்பட்டது. காங்கிரசு தன் பொதுநிதியில் 5,000 ரூபாய் தந்தது. பாடம் எல்லார்க்கும் ஒன்று. பந்தி? பார்ப்பனப் பிள்ளைகள் சிலர்க்குத் தனி! சிலர்தாமே, பெற்றோர் விருப்பந்தானே, விட்டுவிடக் கூடாதா என்றனர் கற்றறிந்தவர். விட முடியாது என்றார் வரதராசுலு நாயுடு. தம் 'தமிழ்நாடு' இதழில் அம்பலப்படுத்தினார். விட முடியாது என்றார், அன்று காங்கிரசின் முன்னணியில் நின்ற பெரியார். 1925 நவம்பரில் காஞ்சி மாநாட்டை விட்டு அவர் வெளியேறியபோது, நெஞ்சில் இருந்த கசப்புகளில் அந்தத் தனிப்பந்தியும் ஒன்று. ஒரு பிடி சோறு எங்கே வைத்துத் தின்னப்படுகிறது என்ற கேள்வி, இந்த நாட்டின் அரசியலையே திருப்பிப் போட்டது!

அதற்கு முன்பே, 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு அளிக்க முடிவு செய்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல். 1956இல் காமராசர் அதை நாடெங்கும் நீட்டினார்; 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பசிக்குத் தந்த சோறு என்றுதான் பலர் எண்ணுகின்றனர். பசி தீர்த்ததோடு அது நின்றதா? பாட்டன் காலத்தில் எட்டி நின்றவர் பேரர்களை ஒரே தரையில் அமர்த்திற்று. ஆகவேதான் வைதிகம் அந்த அடுப்படியையே குறி வைக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூரொன்றில், ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண் சமைத்தால் எம் பிள்ளைகள் உண்ணார் என்று கொதித்தெழுந்தனர். அதிகாரிகள் அப் பெண்ணையே இடம் மாற்றினர். நாடு காறி உமிழ்ந்த பின்னரே ஆணையைத் திரும்பப் பெற்றனர்.

தமிழர் மரபு என்று காட்சி வைப்பவர்கள் ஓரணாச் சோற்றை ஏன் காட்சியில் வைப்பதில்லை? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதி வாலை அறுத்தெறியச் சொன்னதே, அது மரபாகாதா? உரலும் அம்மியும் மட்டுந்தான் பழம்பொருளா? வாலறுத்த கத்திக்கும் வயது நூறை நெருங்குகிறது!

கயிறு சிறியது என்று எண்ணாதீர்கள். 2019இல் பள்ளிகளில் அதை ஒழிக்கச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. நம்பிக்கையில் கை வைக்கிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. பழைய நிலையே நீடிக்கும் என்றார் அன்றைய அமைச்சர். பழைய நிலை நீடித்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவன் வீட்டில் புகுந்து, அவன் பள்ளித் தோழர்களே அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். வெட்டிய கைகளும் ஏதோ ஒரு தையில், ஏதோ ஒரு பள்ளி முற்றத்தில், கரும்பு பிடித்த கைகளாகத்தான் இருந்திருக்கும். அதன் பின்னர் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது, அகர வரிசைப்படி மாணவரை அமர்த்துக என்றெல்லாம் சொல்லிற்று. உடனே எதிர்ப்பு! எதிர்ப்பின் வாயில் என்ன சொல்? பண்பாடு! மரபு!

இதனால்தான் இளைஞர்களே, மரபு விழாவை நீங்கள் நடத்துவதை நாம் விரும்புகிறோம். அவர்கள் கையில் விட்டுவிட அஞ்சுகிறோம். விழாவே வேண்டா என்று சொல்லும் வறட்டு நெஞ்சம் நமக்கில்லை. பொங்கல் உழைப்பின் திருநாள். உழுதவனும் உண்டவனும் ஒன்றாய் அமரத் தகுந்த நாள். கொண்டாடுங்கள். ஆனால் மேடைக்குத் திட்டமிடுவதற்கு முன் பந்திக்குத் திட்டமிடுங்கள். வருகைப் பதிவேட்டை எடுங்கள். அகர வரிசையில் அமருங்கள். அன்பழகனுக்குப் பக்கத்தில் யார் வருகிறார் என்பதைத் தமிழ் நெடுங்கணக்கு முடிவு செய்யட்டும். மேடை ஏறுமுன் மணிக்கட்டை அவிழுங்கள். தொழில் வேடங்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். பறையை அந்தத் தூணருகே நின்றவனிடம் ஆசிரியனாகக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றவர் மாணவராக அவன் முன் அமர்ந்து கற்பதை ஊர் பார்க்கட்டும். பெற்றோர் சிலர் சினப்பர். சிலர் மறுநாள் பள்ளி வாயிலில் வந்து நிற்பர். வரட்டும். சேரன்மாதேவியில் எத்தனை பெரியவர்கள் சினந்தார்கள்!

நாம் மேடையில் இதைச் சொன்னபோது சிலர் கைதட்டினர். சிலர் கயிற்றைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டனர். சிலர் நம்மை முறைத்தனர். முறைத்தவர்கள் மீது நமக்கு வருத்தமில்லை. அவர்களாவது பேச்சைக் கேட்டார்கள்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது விழாக்குழுவின் செயலாளரான பதினோராம் வகுப்பு மாணவி, தோழியர் இருவரோடு ஓடி வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்திருப்பாள் என்று எண்ணினோம்.

"ஐயா, பள்ளி முழுவதற்கும் போதுமான ஒரே பானை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள்.

மானாமதுரையில் சொல்லிவைத்தால் செய்து தருவார்கள், ஆனால் கார்த்திகையிலேயே சொல்லிவிட வேண்டும் என்றோம். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.