மாத்திரை பள்ளிக்கூடத்துக்கு, மக்தபுக்கு நம் பொறுமை

ஸுபுஹு தொழுது திரும்பியதும் எங்கள் வீட்டில் பரபரப்பு தொடங்கிவிடும். ஆறரைக்கு மக்தப், ஏழரைக்கு வீடு, எட்டேகாலுக்குப் பள்ளி வேன். அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூரில் வசிக்கும் எங்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகன். அவனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் இருப்பதாகக் கண்டறிந்த மருத்துவர், மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை எழுதித் தந்தார்.

மருந்து கொடுப்பதா வேண்டாமா என்ற தயக்கத்தைக் கடந்த பிறகுதான் அடுத்த கேள்வி எழுந்தது: எத்தனை மணிக்கு?

நாங்கள் ஆறு மணிக்குக் கொடுத்தோம். மக்தபில் ஹஜ்ரத்திடம் அவன் ஏச்சு வாங்கக் கூடாது என்பதே எங்கள் எண்ணம். அங்கே ஒழுங்காக அமர்ந்தான். ஆனால், திரும்பி வந்து தட்டின் முன் உட்கார்ந்தால், "அத்தா, பசிக்கலை" என்பான். பள்ளியிலிருந்து வரும் புகாரும் நிற்கவில்லை. இரண்டு மாதங்களில் அவன் மெலிந்துபோனான். "மருந்து கேட்கவில்லை" என்று மருத்துவரிடம் முறையிட்டபோது, அவர் நேரத்தைத்தான் முதலில் கேட்டார்.

கணக்கு எளியது. சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை ஏறத்தாழ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். சுமார் 4 மணி நேரம் நிற்கும். ஆறு மணிக்கு விழுங்கியது பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். மெதுவாகக் கரையும் வகை, தயாரிப்பைப் பொறுத்து 8 முதல் 12 மணி நேரம் வரை நிற்கும். அதைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. இரண்டுமே பசியைக் குறைக்கக்கூடியவை. பிந்திக் கொடுத்தால் இரவுத் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் ஸுபுஹுக்கு எழுப்புவதே போராட்டமாகிவிடும். அட்டாமாக்ஸெட்டின் போன்ற மருந்துகளின் கணக்கு வேறு. அவற்றின் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். எனவே ஒரு பிள்ளையின் நேரத்தை இன்னொரு பிள்ளைக்குப் பொருத்தக் கூடாது.

மருத்துவர் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினார். இப்போது ஏழே முக்காலுக்கு வயிறார உணவு, அதன் பிறகே மாத்திரை. அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும். 2022இல் தொடங்கி, 2023இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் பள்ளியில்தான் உண்கிறார்கள். வீட்டில் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிச் சென்றால், அந்தத் தட்டு அப்படியே மீந்துவிடலாம். இதை மருத்துவரிடம் சொல்லி நேரத்தை முடிவு செய்யுங்கள்.

அப்படியானால் மக்தபுக்கு மருந்தின் துணை இல்லையா? இல்லை. "குர்ஆனைவிடப் பள்ளிப் பாடம் பெரிதா?" என்று உறவினர் கேட்டார்கள். பெரிது சிறிது என்பதல்ல எங்கள் பதில். பள்ளி என்பது ஏழு மணி நேரம், நெரிசலான வகுப்பு. மக்தப் ஒரு மணி நேரம். நம் மஹல்லாவுக்குள், நம்மை அறிந்த ஒருவர் நடத்துவது. எது வளைந்து கொடுக்க முடியுமோ, அதுவே வளைய வேண்டும். ஹஜ்ரத்திடம் மனம் திறந்து பேசினோம். இப்போது மகன் அவர் அருகில் அமர்கிறான். பாடம் சிறு சிறு பகுதிகளாக நடக்கிறது. நடுவில் எழுந்து தண்ணீர் குடித்துவர அனுமதியும் உண்டு. மெதுவாகத்தான் ஓதுகிறான், ஆனால் அழாமல் போகிறான்.

நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதிருக்கிறார்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையைச் சுருக்கியும் இருக்கிறார்கள். தொழுகையே பிள்ளைக்கு இடம் தரும்போது, ஒரு பாடவேளை தரக் கூடாதா? ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மக்தபில் இதற்கு வழி செய்ய வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

ரமலானிலும் இதே நிதானம் தேவை. பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. ஆசைப்பட்டு வைக்க விரும்பினால் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரையை நாமாகவே ஸஹருக்கு மாற்றக் கூடாது. ஒரு வேளை தவறினால் மாலையில் ஈடுகட்டவோ, இரட்டிப்பாகக் கொடுக்கவோ வேண்டாம். இது சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. சீட்டின்றி வாங்கவோ பிறருக்குப் பகிரவோ கூடாது.

ஐயமுள்ளவர்கள் மறைத்து வைக்காதீர்கள். 2013 முதல் நடந்துவரும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் இக்குறைபாடும் இருக்கிறது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ அரசு மருத்துவமனையிலோ கேட்கலாம். நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்த மருந்தை உரிய நேரத்தில் கொடுப்பதும் அமானிதத்தைப் பேணுவதே. நம் பிள்ளைகளின் காலைப் பொழுதுகளை அல்லாஹ் இலேசாக்குவானாக, ஆமீன்.